பெண் காவலர் வரும் வரை

அவள் மூச்சைப் பாதிதான் விட்டாள். முழுதாக விட்டால் பொட்டலம் நழுவிவிடும்.

நைட்டிக்குள், பாவாடை நாடாவில் செருகியிருந்தாள். வாசலில் போலீஸ் ஜீப் நின்றதும் அவள் கணவன் ரெக்சன் அவள் கையில் திணித்தது.

"இடுப்புல வச்சுக்கிடுட்டி. பொம்பளைய தொடமாட்டாவ. சட்டம் அப்படி."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் சட்டம் என்ற சொல் வந்து அவள் கேட்டது இன்றைக்குத்தான்.

உள்ளே என்ன என்று கேட்க நேரமில்லை. கையில் வாங்கியதுமே வாசனையில் தெரிந்துவிட்டது, கஞ்சா.

காவலர்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள். தலையணைகளைக் கிழித்தார்கள். மகளின் புதுச் சீருடையை உதறிக் கீழே போட்டார்கள். சாட்சிக்கென்று கூட்டி வந்த மளிகைக்கடைக்காரர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.



ஜெயிலை நினைத்துக்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாளே. அதை நினைத்தால்தான் பயம்.

ரெக்சன் சுவரில் சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். பயப்படாதே என்று அர்த்தம்.

அந்தக் கண்ணை நம்பித்தான் அவள் அப்பா வீட்டை விட்டு வந்திருந்தாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. 

"ஏம்மா, வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உக்காருங்களேன்."

"இருக்கட்டும் சார்."

அவர் அவளைத் தொடவில்லை. கிட்டே வரவுமில்லை. ரெக்சன் சொன்னது சரிதான்.

செல்போனை எடுத்தார். மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒருவரை உடனே அனுப்பச் சொன்னார்.

பெண்ணைப் பெண் சோதிக்கலாம். ரெக்சன் அந்தச் சட்டத்தில் பாதியைத்தான் கேள்விப்பட்டிருந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. இப்போது சொல்லிவிடப் போகிறான், பொட்டலம் என்னுடையது சார், அவளை விட்டுவிடுங்கள் என்று. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சொல்லாதே என்று லேசாகத் தலையசைத்தாள்.

"சார்," என்றான் ரெக்சன். "நான் கடலுக்குப் போற ஆளு. வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. எதுவானாலும் இவளத்தான் கேக்கணும்."

மளிகைக்கடைக்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

அவள் பார்க்கவில்லை.

வெளியே ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்த பெண் காவலருக்கு அவள் வயதுதான் இருக்கும். அடுக்களையைக் காட்டி, "உள்ள வாங்க," என்றார் அந்தக் காவலர்.

அவள் முன்னால் நடந்தாள். பெண் காவலர் கதவைச் சாத்தினார். பொட்டலத்தை அவளே எடுத்து நீட்டினாள்.

"இது என் கைக்கு எப்படி வந்துதுன்னு சொல்லணும்க்கா," என்றாள். "கதவத் திறந்து வச்சே சொல்லுதேன்."