புல்லின் நடுவில் ஒரு குச்சி

அவன் எஞ்சினை அணைக்கவில்லை.

அணைத்தால் வீட்டுக்குள் போக வேண்டும்.

தோட்ட டிராக்டரின் முன்தகட்டை இறக்கி, எதிர்வீட்டு வாசல் பனியை இரண்டாவது தடவையாக வழித்தான். முதல் தடவையிலேயே தார் தெரிந்திருந்தது. பரவாயில்லை. இரும்பு தாரில் உரசும் சத்தம் நன்றாக இருந்தது. அதற்குள் வேறெதுவும் கேட்காது.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பெரிய பனி. விடிந்ததிலிருந்து வீதியின் இரண்டு பக்கமும் தள்ளிவிட்டான். யாரும் கேட்கவில்லை. யன்னலில் நின்று சிலர் கையசைத்தார்கள். ஒரு பெண் கோப்பியோடு படியிறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் தகட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

இனி ஒரு வாசல்தான் மிச்சம்.

அவனுடையது.

பக்கத்து வீட்டுக் குகநேசன் அண்ணை மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"ஊரெல்லாம் வழிச்சுப்போட்டு உம்மட வாசலை ஆருக்கு வைச்சிருக்கிறீர்?"

வலப்பக்கப் புல்லில் தள்ளிவிட்டால் முடிந்தது என்றார். ஏலாவிட்டால் தான் வருவதாகவும் சொன்னார். அவன் தலையை ஆட்டினான்.

அண்ணை சொன்னது சரி. இடப்பக்கம் அவருடைய வேலி. வீதியில் தள்ளினால் நகரசபை தண்டம் போடும். புல்தரையை விட்டால் இடமில்லை.

அங்கே ஒரு குச்சி நின்றது.

ஐப்பசியில், நிலம் இறுகுவதற்கு முன், வாசலில் கார் வரும் பாதையின் ஓரம் காட்ட அவனும் மனைவியும் செம்மஞ்சள் குச்சிகள் நட்டார்கள். பனி மூடிவிட்டால் தார் எது, புல் எது என்று தெரியாது. அவன் இடம் காட்டினான். அவள் சுத்தியலால் அடித்தாள். எல்லாம் நேராக வந்தன. கடைசிக் குச்சியை மட்டும் கொண்டுபோய்ப் புல்லின் நடுவில் குத்தினாள்.

கோணல் என்றான் அவன். அதைப் பார்த்து ஓட்டினால் டிராக்டர் புல்லை உழுதுவிடும், பிடுங்கி ஓரத்தில் நடு என்றான்.

அவளுடைய நகங்களுக்குள் மண் இருந்தது.

"அது உங்கட பாதைக்கில்லை. பங்குனியில பாருங்கோ."

என்ன என்று அவன் கேட்கவில்லை. மழை வரும்போல இருந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனது அவனுடைய காரில். அவளுடைய கார் கராஜுக்குள் நின்றது. இன்னும் நிற்கிறது. ஆசனம் அவள் கால்களுக்கு ஏற்றபடி முன்னால் இழுத்தே கிடக்கிறது. ஒருநாள் ஏறி உட்காரப் பார்த்தான். முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளவில்லை. இறங்கிவிட்டான்.

இன்று பின்னேரம் நிரூபன் வருகிறான். அவளுடைய தம்பி. காரை எடுத்துக்கொண்டு போக. வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டான். அதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தான். அன்பாகத்தான் கேட்டான். இவனும் சரி என்றான். காரின் திறப்பை மேசையில் எடுத்து வைத்துமாயிற்று.

டிராக்டரைத் தன் வாசலுக்குத் திருப்பினான்.

புல்லில் தள்ளினால் மலையாகிவிடும். மற்ற இடமெல்லாம் உருகினாலும் அது சித்திரைவரை கிடக்கும். பனி உருகத் தாரில் போட்ட உப்பும் அதோடு கீழே இறங்கும். மண்ணுக்குள் அவள் புதைத்துவிட்டுப் போனது எதுவானாலும் முளைத்து வராது.

தகட்டை இறக்கினான்.

வலப்பக்கம் ஒடிக்க வேண்டிய இடம் வந்தது. கை ஒடிக்கவில்லை. நேரே போனான். பனி தகட்டின் முன்னால் சுருண்டு சுருண்டு பெருத்தது. கராஜ் கதவில் போய் முட்டிக் குவிந்தது.

பின்னால் வந்தான். மறுபடி நேரே போனான்.

மறுபடி.

குகநேசன் அண்ணை வேலியோரம் வந்து நின்றார். கராஜைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

எஞ்சினை அணைத்தான். காலையிலிருந்து முதல் தடவை. வீதி முழுவதும் சத்தமில்லாமல் கிடந்தது.

நிரூபன்தான். டொரன்டோவிலிருந்து வெளிக்கிட்டாயிற்று, பாதை வழுக்குகிறது, ஆறுதலாகத்தான் வருகிறோம் என்றான். வாங்குகிறவரும் பக்கத்தில் இருக்கிறாராம்.

"அத்தான், வாசல் துப்புரவோ?"

அவன் திரும்பிப் பார்த்தான். வீதியிலிருந்து கராஜ்வரை தார் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. வலப்பக்கப் புல்லில் ஒரு கால்தடம்கூட இல்லை. வெள்ளையின் நடுவில் செம்மஞ்சள் குச்சி நின்றது.

"ஓம். துப்புரவாக்கிப் போட்டன். வாங்கோ."

போனைப் பையில் வைத்தான்.

கராஜ் கதவின் கைப்பிடி மட்டும் இன்னும் பனிக்கு வெளியே தெரிந்தது. வீதியோரத்தில் கொஞ்சம் பனி மிச்சம் இருந்தது.

எஞ்சினை முடுக்கினான்.