தானாக ஓடிய அம்புக்குறி

துணை மேலாளரின் லேப்டாப்பில் அம்புக்குறி தானாக ஓடியது. ஆபீஸ் முழுக்க விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வைத்து, "இதுல ஒரு ஈ எறும்புகூட நுழைய முடியாது" என்று போன வாரம் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் முழங்கியவர் அவர்தான்.

மேலாளரைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த மொட்டைக் கடிதம் திரையில் இருந்தது. எவனோ உள்ளே புகுந்து படிக்கிறான். வெளியே தெரிந்தால் வேலை போச்சு. வைஃபையை அணைத்தார். மறுபடி டைப் செய்தார். அம்பு அப்போதும் துள்ளியது.

கடிதத்தை மூடிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டார்.

"ஹேக்கரும் இல்ல, பேயும் இல்ல சார். டச்பேட் ரொம்ப சென்சிட்டிவ். டைப் பண்றப்ப உள்ளங்கை உரசினாலே அம்பு பறக்கும். செட்டிங் மாத்திட்டேன். லினக்ஸ் போட்ட எல்லா லேப்டாப்லயும் இதே கதைதான், ஒவ்வொண்ணா பாக்கணும்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் துணை மேலாளர்.

டெக்னீஷியன் போனதும் மேலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் லேப்டாப்ல எவனோ பூந்துட்டான்யா! அம்பு தானா ஓடுது. அவன் வெளிய விடறதுக்குள்ள நானே சொல்லிடறேன். உன்னைப் பத்தித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதி வச்சிருக்கேன்."

துணை மேலாளர் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவன் ரொம்ப ஆபத்தானவன் சார். உட்காருங்க. வேற என்னென்ன வச்சிருக்கீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."