வலது விலாவுக்கடியில்

நியூசிலாந்தின் டனீடின் நகரில், எங்கள் ஆய்வகத்தின் ஜன்னலில் தெற்குக் காற்று மழையை அறைகிறது. நாளை குட்டி போடப்போகும் வெள்ளை எலி, மயக்க மருந்தில், சூடான தட்டின்மேல் மல்லாந்து கிடக்கிறது. தன் எட்டு மாதக் கர்ப்ப வயிறு மேசையில் இடிக்க, என்னோடு வேலை செய்யும் மேரே ஸ்கேன் கருவியின் முனையை எலியின் அடிவயிற்றில் வைத்திருக்கிறாள். கருப்பைக்கு ஓடும் ரத்தம் ஒலிபெருக்கியில் விஷ்ஷ் விஷ்ஷென்று இரைகிறது. திடீரென்று இரைச்சல் தேய்கிறது. "ஹோனே, சத்தம் அடங்குதுடா!" "பஞ்ச வைக்க மறந்துட்டே, தாயே," என்கிறேன். மல்லாந்து கிடந்தால் குட்டிகளின் பாரம் பெரிய ரத்தக்குழாயை நசுக்கும். அதற்காக வலது விலாவுக்கடியில் எப்போதும் ஒரு பஞ்சுச் சுருள் வைப்போம். செருகுகிறேன். எலி இடப்பக்கம் சாய, இரைச்சல் திரும்புகிறது. "பொழைச்சுட்டா மகராசி!" என்று சிரிக்கிறேன். மேரே சிரிக்கவில்லை. "காலைல நான் மல்லாந்துதான் முழிச்சேன்." "அதனால என்ன?" "அப்பலேர்ந்து ஒரு உதைகூட இல்லடா." சட்டையைத் தூக்கி, பசை வழியும் முனையைத் தன் வயிற்றில் அழுத்துகிறாள். ஒலிபெருக்கியில் வெறும் கரகரப்பு. எலிக்கென்று செய்த கருவி அது. ஒரு விரற்கடை ஆழத்துக்குமேல் அதற்குக் கேட்காது. அது அவளுக்கும் தெரியும். இன்னும் அழுத்துகிறாள்.