புலி கடித்த கால்

யுவராணியின் வலது கை தோளிலிருந்து ஈரத்துண்டு போலத் தொங்கியது.

"ஒரே ஒரு மிதி, பெரியப்பா. சுளுக்கு விட்டுப்போகும்" என்று ஐந்து வயது மகளைச் சிவனாண்டியின் கட்டிலருகே நிறுத்தினாள் மாரிச்செல்வி.

சிவனாண்டி கால் முந்திப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் எந்தச் சுளுக்கும் நிற்காது என்பது மகாராஜபுரத்து நம்பிக்கை. அவர் இடது காலால் ஒரு மிதி மிதித்து, கிளம்பாத டிராக்டரே கிளம்பியிருக்கிறது. வத்திராயிருப்பு தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

வலது கால் எப்போதும் வேட்டிக்குள்தான். கேட்டால், செண்பகத்தோப்புக் காட்டில் புலி கடித்தது என்பார். உப்புப் பத்தவில்லை என்று பாதியில் துப்பிவிட்டுப் போய்விட்டதாம்.

சொல்லும்போது சிரிக்கவே மாட்டார்.

"போன வாரம் சளியும் காய்ச்சலும், அம்புட்டுதான். நேத்துக் காலையில கை விழுந்துருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரு சொல்லுதாரு, போலியோவா இருக்காதாம், அதுக்குப் பங்காளி வைரஸ் ஒண்ணு இருக்காம். சளி மாதிரி வந்து கை காலைப் பிடிக்குமாம். இப்பவே மதுரைக்குப் போகணுமாம். சொட்டு மருந்து ஒண்ணு விடாமப் போட்ட பிள்ளை! சளிக்குப் போய்க் கை விழுமா? உங்களுக்கு மேல புளுகுதாரு" என்றாள் மாரிச்செல்வி.

சிவனாண்டி காலைத் தூக்கவில்லை. பிள்ளையின் வலது அக்குளில் விரல் வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

யுவராணி விழுந்து விழுந்து சிரித்தாள். உடம்பெல்லாம் நெளிந்தது. இடது கை பாய்ந்து வந்து அவர் விரலைத் தட்டிவிட்டது.

வலது கை அக்குளை மூடவில்லை. அசையவே இல்லை.

சிவனாண்டி விரலை எடுத்தார்.

"டாக்டர் சொன்னது நிசம் தாயி. மதுரைக்குப் போ."

மாரிச்செல்வி சிரித்துவிட்டாள். "இது என்ன பெரியப்பா, புதுக் கதையா?"

ஊரையே நம்பவைத்த வாய்க்கு, ஒரே ஒரு நிசத்தை நம்பவைக்கத் தெரியவில்லை.

வேட்டியை விலக்கினார். அறுபது வருஷம் யாரும் பார்க்காத கால். முருங்கைக்காய் கனம்கூட இல்லை. பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.

"மூணு நாள் காய்ச்சல் தாயி. எங்க அய்யா என்னையும் சுளுக்கெடுக்கத்தான் தூக்கிட்டுப் போனாரு."

சற்று நேரத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு ஓடியவளின் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.