பொறுப்பாளரின் சொல்

நீதிமன்ற உத்தரவுப்படி அமலன் வீட்டில் இருந்தபடியே மனநலச் சிகிச்சை பெற்றுவந்தான். அவனுக்குப் பொறுப்பாளர் அக்கா சகாயராணி. தினமும் காலையில் சமையலறைச் சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து மாநகராட்சியின் குரல் கேட்கும்: "அமலன் மாத்திரை சாப்பிட்டாரா?" அவள் ஆமாம் என்றால் அத்தோடு சரி. இல்லை என்றால் வண்டி வந்து அவனை மனநல முகாமுக்குக் கொண்டுபோய்விடும்.

அன்று அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அமலன் மாத்திரையை விழுங்கிவிட்டு, வருகிறவர்களுக்குப் பாடிக்காட்டப் போவதாகச் சொல்லிப் புதுச்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குரல் கேட்டது.

"இல்லை," என்றாள் சகாயராணி.

வண்டி வந்தபோது அவன் முரண்டு பிடிக்கவில்லை. "சாப்பிட்டேனே அக்கா, நீகூடப் பாத்தியே," என்று மட்டும் சொன்னான். அவள் திரும்பாமல் கேசரியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அடுத்த வாரம் அமலன் மெலிந்து திரும்பினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் மறந்திருக்கேன் அக்கா. சாப்பிடாமலே சாப்பிட்ட மாதிரி எனக்குத் தோணுமாம், அங்க சொன்னாங்க. உன்னைப் போய் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிரு."

"அப்படியில்லடா..." என்று ஆரம்பித்தாள். உள்ளே மகள் மாப்பிள்ளையோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "சரி, செருப்பைக் கழட்டிட்டு வா, சாப்பிடலாம்," என்றாள் சகாயராணி.

மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட அமலன், அவள் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"முழுங்கிட்டேனா அக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியல."