வெட்கத் துண்டு

"நீ எடுத்துக்கோ அம்பாரோ."

"ஐயே, நீ எடு ஃபெர்மின்."

"எனக்குப் போதும்னு சொல்றேன்ல..."

"எனக்கும்தான் போதும்!"

செவில் நகருக்கு இரண்டு நாள் உல்லாசமாக வந்திருந்த கணவனும் மனைவியும் மல்லுக்கட்டியது ஒரே ஒரு குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டைக்காக. ஆலிவ், இறால், உருளைக்கிழங்கு ஆம்லெட் என்று சின்னச் சின்னத் தட்டுகளாக ஆற அமரச் சாப்பிட்டு, கடைசியில் மிஞ்சியது அதுதான்.

ஒயின் ஊற்ற வந்த வயதான சர்வர் சிரித்தார்.

"மரியாதைக்கு மிச்சம் விடற வெட்கத் துண்டா? புதுசாக் கட்டிக்கிட்டீங்களோ?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு," என்றாள் அம்பாரோ. "இத்தனை வருஷமா என் தட்டுலேருந்து பிடுங்கித் தின்ன ஆளு இவரு. உங்க ஊர்க் காத்து பட்டதும் மனுஷனாயிட்டாரு. நாற்காலி இழுத்துப் போடறாரு, கோட்டு மாட்டிவிடறாரு!"

சர்வர் நகர்ந்ததும் ஃபெர்மின் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஊருக்கு நீ மட்டும் போ அம்பாரோ. நான் இங்கேயே இருந்துடறேன். எனக்கு வேற ஒருத்தி இருக்கா. அவ வீடு பக்கத்துத் தெருவுலதான் இருக்கு. நம்ம வீட்டுல சொன்னா நீ சத்தம் போடுவே. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

அம்பாரோ சத்தம் போடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசித் துண்டை வேத்தாளுக்குத்தானே விட்டுவைப்போம் ஃபெர்மின்? நான் உனக்கு எப்போலேருந்து வேத்தாளு?"