புருஷோத்தமன் பழக்கிய நாய்

"ஒண்ணு இந்த வூட்ல நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று புருஷோத்தமன் கத்தினார். லட்டு அதைவிடச் சத்தமாகக் குரைத்தது.

"நாய் இந்த மாசம் பூரா இருக்கும்னு குழுவுல சொல்லிட்டேங்க" என்றாள் மனைவி திலகா, ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க எப்படி?"

லட்டு பழுப்பு நிற நாட்டு நாய். திலகாவின் மகளிர் குழுவில் யாரோ ஒரு அம்மா, தன் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போகிறாளாம். திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கயிற்றோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

வந்த நாளிலிருந்து ஒரே குரைப்பு. "இது பாலா, ஏரித் தண்ணியா" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி புருஷோத்தமன் விசாரித்தால், பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. தன் டிராக்டர் டிரைவரை அவர் செல்போனில் நாலு வார்த்தை கேட்டால், செல்போனைப் பார்த்துக் குரைத்தது. டிவி விவாதத்தில் பேசுகிறவர்களுக்கு அவர் இங்கிருந்தே பதில் சொன்னால், டிவியையும் விடவில்லை. இப்படி எதைக் கண்டாலும் பயப்படுகிற நாயை அவர் பார்த்ததே இல்லை.

மாதக் கடைசி ஞாயிறு திருப்புலிவனத்திலிருந்து மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதுதான் கவலை. ஏற்கெனவே பெருநகரிலிருந்து வந்த வரன், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், "பொண்ணு தங்கம், வூட்ல சத்தம்தான் ஜாஸ்தி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது. டிராக்டர் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள் என்று புருஷோத்தமன் அன்றைக்கே அதைக் கொண்டுபோய் ரைஸ் மில் பக்கம் நிறுத்திவிட்டார். டிராக்டர் போய் இப்போது நாய் வந்திருக்கிறது. இந்த வரனும் ஓடினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"மாட்டு டாக்டரக் கேட்டேன்" என்றாள் திலகா. "பயந்த நாயாம். பக்கத்துல யாராவது பதட்டமா பேசினா அதுக்கும் பதட்டமாவுதாம். மெதுவா பேசணும். கோவம் வந்தா மூச்ச இழுத்து வுடணும். சும்மா படுத்துகினு இருந்தா ஒரு பொறை பிஸ்கட்டு குடுக்கணுமாம்."

"இதெல்லாம் யாரு பண்றது?"

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. ஆம்பள கொரலுக்குத்தான் கட்டுப்படுமாம்."

புருஷோத்தமன் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படிச் சொல்லு. நான் பழக்கிக் காட்டறேன்."

மறுநாள் பால்காரர் வந்தார். புருஷோத்தமன் மூச்சை இழுத்து விட்டு, அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்கிற குரலில், "அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் தண்ணியா கீற மாரி தெரியுதே" என்றார். லட்டு வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது. பால்காரர்தான் மிரண்டுபோய், அடுத்த நாளிலிருந்து நல்ல பாலாக ஊற்றினார்.

லட்டுவுக்கு ஒரு பொறை கிடைத்தது. "பழக்குனவருக்கு ஒண்ணும் இல்லியா?" என்று திலகா அவருக்குச் சூடாக ஒரு மசால் வடை கொண்டுவந்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. டிரைவர் டீசல் போட மறந்ததை அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நாய்க்குப் பொறை, இவருக்கு வடை. கரண்ட் போனபோது யாரையும் திட்டாமல் விசிறிக்கொண்டார், பொறை, வடை. "பாத்தியா, எப்படி அடங்கிடுச்சு. நாயின்னா ஒரு கண்டிப்பு வேணும்" என்று தெருவில் எல்லோரிடமும் ரகசியக் குரலில் பெருமையடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. மாப்பிள்ளை வசந்த்குமார், அவன் அப்பா வேதாசலம், அம்மா சொக்கம்மாள் மூவரும் இறங்கினார்கள். ரிவர்ஸ் எடுத்த வேன் டிரைவர், புதிதாகப் பெயின்ட் அடித்த காம்பவுண்டுச் சுவரில் ஒரு மூலையைப் பெயர்த்துத் தள்ளினார். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வெளியே வந்து நின்றார்கள். உள்ளே திவ்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

புருஷோத்தமன் லட்டுவைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். விட்டார்.

"பரவால்ல தம்பி. செவுருதான, நாளைக்குப் பூசிக்கலாம்."

எதிர்வீட்டுக்காரர்கள் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள்.

வாசலில் கால் வைத்த வேதாசலம் நாயைக் கண்டதும் நின்றார். "அட, நம்ம லட்டு" என்றார், மிக மெதுவாக. "போன வருசம் எங்க வூட்லதான் இருந்துச்சு. எதப் பாத்தாலும் கொரைக்கும். நான்தான் பழக்கி அனுப்புனேன் சம்பந்தி."

புருஷோத்தமனுக்குச் சுருக்கென்றது. "நீங்க பழக்குனதா? இங்க வரும்போது காது கிழியக் கத்திக்கினு இருந்துச்சு. பழக்குனது நான்." கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அதெப்படிங்க, நான்தான..." வேதாசலத்தின் குரலும் ஒரு படி ஏறியது.

லட்டு தலையைத் தூக்கியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விட்டார்கள்.

"ரெண்டு பேரும்தான் பழக்கியிருக்கோம் சம்பந்தி."

"ஆமா, ஆமா. அதச் சொல்லுங்க."

லட்டு தலையைக் கீழே வைத்தது. உடனே, ஏனென்று தெரியாமலே, இரண்டு பேர் கண்களும் வடைக்காக அடுப்படிப் பக்கம் திரும்பின.

அதற்குள் திலகாவோடு அடுப்படிக்குப் போயிருந்த சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்து முடித்தாள். "கொரல ஒசத்துனா மட்டும் கொரைக்கணும்னு ரெண்டு ஊரு குழுவும் சேந்து பழக்குன நாயாச்சே. ஆனாலும் உங்க வூட்டுக்காரரு சீக்கிரம் படிஞ்சிட்டாரு அண்ணி. எங்க ஆளப் பழக்கறதுக்குள்ள லட்டுவுக்குத் தொண்டயே கட்டிக்கிச்சு."

"சீரு இன்னா செய்யணும்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் திலகா, வடைகளைத் தட்டில் அடுக்கியபடி.

"ஒண்ணும் வேணாம். லட்டுவ மட்டும் பொண்ணு கூட அனுப்பி வுடுங்க, எம் புள்ளைக்கு அப்படியே அவங்கப்பன் தொண்ட."